வனவிலங்கு அலைவரிசைத் தொகுப்பு: கரடிகள் கண்ணுக்கு விருந்து, பாதுகாப்புப் பாடம் பிழை

கோலாலம்பூரில் எங்கள் வீட்டுக்கு வரும் கட்டணத் தொலைக்காட்சியின் வனவிலங்குத் தொகுப்பை நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். மலாய்த் துணைவசனத்துடன் வரும் அந்நிகழ்ச்சிகளின் படத்தெளிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சால்மன் மீன் துள்ளியேறும் அருவியில் காத்து நிற்கும் பழுப்புக் கரடியின் மூக்கில் தெறிக்கும் நீர்த்துளிகூடத் தெளிவாகத் தெரிகிறது. சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களிடம், காட்சிக்காகத் தாராளமாகக் கட்டலாம் என்றே சொல்வேன். ஆனால், கரடி எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதை இந்நிகழ்ச்சிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்பவருக்கு இவை தீங்கையே செய்கின்றன. பள்ளி விடுமுறை வந்தால் ஜப்பானின் ஹொக்கைடோ தீவு, கனடா என்று நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு கிளம்பிவிடும் இக்காலத்தில், இதைச் சிறிய குறையாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஏறக்குறைய எல்லாத் தொடர்களிலும் தவறாமல் வரும் காட்சி ஒன்று உண்டு. கரடி பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கிறது, வாயைப் பிளக்கிறது, நெஞ்சு அதிரும்படி உறுமுகிறது. பின்னணியில் முரசு முழங்க, தாக்குதல் தொடங்கப்போவதாக வருணனையாளர் சொல்கிறார். உண்மையில் கரடி எழுந்து நிற்பது பெரும்பாலும் தொலைவில் இருப்பதைப் பார்ப்பதற்கும் காற்றில் வரும் வாடையைப் பிடிப்பதற்குமே. சினமுற்ற கரடி நான்கு கால்களிலும் நின்று தலையைத் தாழ்த்தும், காதுகளைப் பின்னுக்கு மடக்கும், புஸ்ஸென்று மூச்சுவிட்டுத் தாடைகளை அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காதுகள் முன்னோக்கி நிமிர்ந்திருந்தன. கண்கள் ஒளிப்பதிவுக் கருவியை விட்டு விலகி, பக்கவாட்டில் யாரையோ எதிர்பார்த்துக் கொண்டிருந்தன. உறுமல் ஓய்ந்த பிறகும் வாய் திறந்தபடியே இருந்தது. தீனிக்காக வாய் திறக்கப் பழக்கப்பட்ட வளர்ப்புக் கரடிகளைப் படம் பிடித்து, உறுமலைப் பின்னர் சேர்ப்பது இத்துறையில் பழைய வழக்கம். இதை நம்பிவிட்டவர், எழுந்து நின்று மோப்பம் பிடிக்கும் கரடியைக் கண்டதும் ஓட்டமெடுப்பார். மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய விலங்கின் முன் ஓடுவது, துரத்து என்று அதை அழைப்பதற்குச் சமம். நின்ற இடத்திலேயே நின்று, அமைதியான குரலில் பேசி, மெல்ல மெல்லப் பின்வாங்க வேண்டும் என்பதை இந்தத் தொகுப்பில் நான் பார்த்த எந்தத் தொடரும் நிதானமாகச் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தொகுப்பாளர் கிசுகிசுத்தபடியே கரடியை நெருங்குகிறார். அது புல் மேய்கிறது. மனம் தூய்மையாக இருந்தால் விலங்கு அறிந்துகொள்ளும் என்ற பாவனையில் இசை உருகுகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடியிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அலாஸ்காவில் 13 கோடைக்காலங்கள் பழுப்புக் கரடிகளோடு நெருங்கிப் பழகி, அதனால் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்ற திமோத்தி டிரெட்வெல், 2003 அக்டோபரில் தம் தோழியுடன் கரடியால் கொல்லப்பட்டார். பழக்கப்பட்ட கரடி என்பதும் பாதுகாப்பு அன்று. திரைப்படத்தில் நடித்த கரடியொன்று 2008இல் கலிபோர்னியாவில் தன் பயிற்சியாளர் ஒருவரைக் கழுத்தில் கடித்துக் கொன்றது. நெருங்கிச் செல்லும் காட்சியின்போது திரையின் ஓரத்தில் ஒரு வரி எச்சரிக்கையாவது ஓடியிருக்க வேண்டாமா?

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, உயிர் காக்கும் பொருள் திரையில் தென்படாததே. மிளகாய்க் காரம் அடைத்த கரடித் தெளிப்பானைப் பற்றி அலாஸ்கா நிகழ்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வு, நெருக்கமான சந்திப்புகளில் அதைக் கையில் வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியதாகக் கூறுகிறது. பையின் அடியில் கிடந்தால் அது பயன்படாது. இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ இருக்க வேண்டும். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால், போய்ச் சேர்ந்த இடத்தில்தான் வாங்க வேண்டும். கரடி தாக்கினால் செத்தவர்போல் கிடக்க வேண்டும் என்று எல்லாக் கரடிக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வதும் ஆபத்து. குட்டியைக் காக்கத் தாக்கும் பழுப்புக் கரடியிடம் கழுத்தைக் கைகளால் மூடிக் குப்புறக் கிடப்பது பொருந்தும். அமெரிக்கக் கருங்கரடி தாக்கினால் எதிர்த்துப் போராடத்தான் வேண்டும்.

நம் நாட்டுச் சூரியக் கரடிக்கு இத்தொகுப்பில் ஒதுக்கப்படும் நேரம் மிகக் குறைவு. அதிலும் தேன் நக்கும் செல்லப்பிராணியாகவே அது காட்டப்படுகிறது. உலகக் கரடிகளில் மிகச் சிறியதுதான், எடை 65 கிலோவைத் தாண்டுவது அரிது; ஆயினும் நீண்டு வளைந்த நகங்களும் வலிய தாடையும் உடையது, காட்டில் திடுமென எதிர்ப்பட்டால் தாக்கக்கூடியது. 2019 ஜூனில் இதே கோலாலம்பூரில், ஓர் அடுக்குமாடி வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த சூரியக் கரடிக் குட்டியை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அதிகாரிகள் மீட்டார்கள். நாய்க்குட்டி என்று எண்ணி எடுத்து வந்ததாக வைத்திருந்தவர் கூறினார். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முற்றாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. இந்நாட்டில் சந்தா வாங்கும் நிறுவனம் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கினால் குறைந்துவிடாது. வாடிக்கையாளர் சேவைக்கு இதையெல்லாம் விரிவாக எழுதினேன்; நிகழ்ச்சிகள் வெளிநாட்டில் தயாரிக்கப்படுபவை என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது.

ஐந்து நட்சத்திரத்தில் இரண்டு தருகிறேன், இரண்டுமே ஒளிப்பதிவுக்கு. ஜப்பானில் 2023 ஏப்ரல் முதல் ஓராண்டில் 219 பேரைக் கரடிகள் தாக்கின, அவர்களில் ஆறு பேர் இறந்தனர். ஹொக்கைடோவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அங்குள்ள ஷிரெத்தோக்கோ தேசியப் பூங்காவின் ஐந்து ஏரிகளைப் பார்க்க விரும்பினால், மின்வேலி போட்ட உயர்ந்த மரப்பாதையில் போகலாம். தரைப்பாதையில் நடப்பதானால், கரடி நடமாட்டம் மிகுந்த மே 10 முதல் ஜூலை 31 வரை பதிவுபெற்ற வழிகாட்டி கட்டாயம். அதற்குப் பிந்தைய மாதங்களில், கரடியைக் கண்டால் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றி அங்கே நடத்தும் சிறு விளக்கவுரையைக் கேட்ட பிறகே உள்ளே விடுகிறார்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து அதைக் கேளுங்கள்.