டர்பன் பக்கத்துச் சாலைகள்: மழை விட்ட பிறகு பார்த்தவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஊர்ப் பயணம் வருகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், "ரோடு ரொம்பக் கெட்டுப்போச்சு" என்று. எந்த ரோடு, யார் பொறுப்பில் உள்ள ரோடு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பலன் உண்டு. விமான நிலையத்திலிருந்து ஃபீனிக்ஸ் என்ற குடியிருப்புப் பகுதிக்குப் போய்ச் சேருவதற்குள் சாலையின் நிர்வாகம் மாறிவிடும். என்2, என்3 போன்ற தேசிய நெடுஞ்சாலைகள், 1998இல் தொடங்கிய சான்ரல் என்ற தேசிய சாலை நிறுவனத்தினுடையவை. டர்பன் இருக்கும் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் பி, டி, எல் என்று தொடங்கும் சாலைகள் மாகாணப் போக்குவரத்துத் துறையுடையவை. குடியிருப்புத் தெருக்கள் டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் பொறுப்பு. எம் என்று தொடங்கும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அது வழித்தட எண்தான். உரிமை மாநகராட்சிக்கும் இருக்கலாம், மாகாணத்துக்கும் இருக்கலாம்.

குழிகளை எண்ணிப் பராமரிப்பை எடைபோட முடியாது. இந்த நாட்டுப் பொறியாளர்கள் சாலையைக் கண்ணால் பார்த்து மதிப்பிட டிஎம்எச் 9 என்ற முறையை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு எண்கள்: எவ்வளவு கடுமை, எவ்வளவு பரவல். இரண்டும் 1 முதல் 5 வரை. எல்லாவற்றையும் சேர்த்து 100க்கு மதிப்பெண் வரும். 85க்கு மேல் மிக நன்று, 50 முதல் 70 வரை நடுத்தரம், 30க்குக் கீழ் மிக மோசம். ஓரிடத்தில் மட்டும் ஆழமாக விழுந்த குழியை ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். தெரு முழுக்க மெல்லிய விரிசல் ஓடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த விரிசலை, மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குனிந்து பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, விரிசல் மட்டும் ஈரக்கோடாகத் தெரியும். அதன் ஓரத்தில் வெளிறிய சேறு படிந்திருந்தால் அடித்தளமே கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். உள்ளே போன தண்ணீரை வண்டிச் சக்கரம் அழுத்தும்போது, ஜல்லிக்கு இடையே உள்ள நுண்பொடி மேலே பீய்ச்சப்படுகிறது. பிடிமானம் போன தார், முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடிக்கும். அடுத்த மழையில் ஒரு கட்டம் பெயரும், அதுதான் குழி. விரிசலாக இருக்கும்போதே தார் ஊற்றி அடைக்கும் நிர்வாகமே நல்ல நிர்வாகம். பராமரிப்பை 3 ஆண்டு தள்ளிப்போட்டால் செலவு 6 மடங்கு, 5 ஆண்டு தள்ளிப்போட்டால் 18 மடங்கு என்பது சான்ரல் வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கு.

சாலையோரத்தையும் விடக் கூடாது. ஓரத்துப் புல்லும் மண்ணும் சாலையைவிட உயர்ந்துவிட்டால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் தார் மேலேயே நிற்கும். ஒரு கோயில் தெருவில் வடிகால் வாயை மணலும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தன. அதற்குக் கீழே பத்தடிக்குள் ஓரத் தார் கடித்தெடுத்தது போல உடைந்து கிடந்தது. காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கும் தெரு அது. திருவிழாவுக்கு முந்தின வாரம் தார் கொட்டுவதைவிட, மழைக்காலம் தொடங்கும் அக்டோபருக்கு முன்பே அந்த வாயைத் தூர்வாரியிருக்க வேண்டும்.

ஒட்டுப் போட்ட விதமும் நிர்வாகத்தைக் காட்டிக்கொடுக்கும். சரியான ஒட்டு சதுரமாக, நேர்விளிம்போடு இருக்கும். ஈர மண் முழுவதையும் உறுதியான தளம் வரும்வரை தோண்டி எடுத்து, அடித்தளத்தை அடுக்கடுக்காக இறுக்கி, பக்கச் சுவர்களில் தார் எமல்ஷன் பூசி, அதன் பிறகுதான் கலவை போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். தண்ணீர் நிற்கும் குழியில் பையில் வரும் தயார்த் தார்க்கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டினால் சில மழைக்குள் பெயர்ந்துவிடும். குடிநீர்க் குழாய்க்கு வெட்டிய இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமுங்குகின்றன. குழாய்க் கசிவை நிறுத்தாமல் மேலே மூடுவது வீண்வேலை.

புகாருக்கு, குழிகளை மூட 2022 ஆகஸ்டில் தொடங்கிய வாலா சோன்கே திட்டத்தின் செயலி உதவும். சுலு மொழியில் "எல்லாவற்றையும் மூடு" என்று பொருள். டயரோ ரிம்மோ போயிருந்தால், குழிக்குள் அளவுகோல் வைத்து ஒரு படம், தெருப்பலகையோடு ஒரு படம் எடுங்கள். பழுதுபார்த்த ரசீதையும் காவல் நிலையத்தில் எழுதித்தரும் சத்தியப்பிரமாண வாக்குமூலத்தையும் பத்திரப்படுத்துங்கள். மாநகராட்சி அல்லது மாகாணத்தின் மீது இழப்பீடு கோர 6 மாதத்துக்குள் எழுத்துமூல அறிவிப்பு போய்ச் சேர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டம். விடுமுறை முடிந்து வெளிநாடு திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தக் கடிதத்தைக் கொடுத்து, வாங்கியதற்கான முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.