மாடி ஹாலில் அரைமண்டி: கே.கே. நகர் பெரியவர்கள் பேட்ச் எப்படி?

முப்பது வயதுக்கு மேல் பரதம் கற்க ஆசைப்படுகிறவருக்கு மதுரையில் வழிகள் குறைவு. ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. அரசு இசைக் கல்லூரியில் பரதநாட்டியம் உண்டு. ஆனால் முழுநேரப் படிப்பு, வேலைக்குப் போகிறவருக்குத் தோதுப்படாது. மிச்சம் தனியார் வகுப்புகள்தான். அவற்றிலும் பல இடங்களில் பெரியவர்களை எட்டு வயதுப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். கே.கே. நகர்ப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் சனி, ஞாயிறு காலை 6:30க்கு நடக்கும் இந்த வகுப்பு பெரியவர்களுக்கு மட்டுமே. ஒரு பேட்சுக்குப் பத்துப் பேர், ஒன்றேகால் மணி நேரம்.

முதல் மூன்று மாதம் இங்கே பாட்டு கிடையாது. அரைமண்டியும் (முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) தட்டடவும் (அந்த நிலையிலேயே பாதத்தால் தரையைத் தட்டும் பயிற்சி) மட்டும்தான். ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டாவது ஆட வைப்பார்கள் என்று வருகிறவர்கள் இரண்டாம் வாரமே சோர்ந்துபோவார்கள். ஆனால் இந்த வகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு முதல் காரணமே இந்த நிதானம்தான். பிள்ளைகளின் இடுப்பு எப்படிச் சொன்னாலும் வளையும். பெரியவர்களின் இடுப்புக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காத இடத்தில் கூலி கொடுப்பது முட்டிதான்.

அரைமண்டியை இவர்கள் சொல்லித்தரும் முறை நன்றாக இருக்கிறது. எடுத்தவுடன் உட்காரச் சொல்வதில்லை. குதிகால் இரண்டையும் ஒட்டி நேராக நின்று, முட்டியை மடக்காமல், தொடையை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போது பாதம் எவ்வளவு திறக்கிறதோ அதுதான் இன்றைக்கு உங்கள் கோணம். அந்தக் கோணத்திலேயே, முதுகு நேராக, பின்புறம் வெளியே தள்ளாமல் கீழே இறங்க வேண்டும். முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேர் மேலே நிற்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்க்கிறார் ஆசிரியர். தப்பு நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான்: முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு பாதத்தை மட்டும் தரையில் தேய்த்து அகலத் திறப்பது. பார்ப்பதற்கு மண்டி அழகாகத் தெரியும். உண்மையில் இடுப்பு திரும்பாத மிச்சத்தை முட்டி முறுக்கிக்கொள்கிறது, உள்ளங்கால் வளைவு சரிந்து எடையெல்லாம் கட்டைவிரல் பக்கம் போகிறது. கொஞ்ச நாளில் முட்டியின் உள்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். ஆசிரியருக்கு வயது இருபத்தைந்து சொச்சம். வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். "முட்டி உள்ள விழுது பாருங்கக்கா, பாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கங்க" என்று அவர் சொல்லும்போது அதிகாரமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. அவரை எல்லோரும் 'மிஸ்' என்றே கூப்பிடுகிறார்கள்.

தட்டடவில் ஒரு விஷயத்தை அருகில் நின்று கவனிக்க வேண்டும். முதல் தட்டடவு வலது, இடது என்று மாறி மாறி ஒவ்வொரு தட்டு; இரண்டாவது இரண்டிரண்டு; மூன்றாவதில் மூன்று தட்டி நான்காவது எண்ணிக்கையில் நிறுத்தம். ஆசிரியர் தட்டுக்கழியால் மனையை (தாளம் தட்டும் மரக்கட்டை) தட்டி 'தெய்யா தெய்' சொல்லிக்கொண்டே சில சமயம் கண்ணை மூடிக்கொள்கிறார். சத்தத்தை வைத்தே யார் தப்பு என்று சொல்லிவிடுகிறார். பாதம் முழுக்க ஒரே நேரத்தில் தரையில் பட்டால் 'தொப்' என்று நிறைந்த ஓசை வரும். குதிகால் முந்தினால் 'டக்' என்று வறண்டு கேட்கும். அந்த 'டக்' குதிகாலிலிருந்து முன்னங்கால் எலும்பு (முட்டிக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பு) வழியே நேராக மேலே ஏறுகிறது. முன்னங்கால் வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலர் இந்தக் குதிகால் தட்டுக்காரர்கள்தான். இன்னொரு காரணம், காலைப் பின்னால் உயரத் தூக்காமல் தரையோடு தரையாக இழுத்து, அந்தக் குறையை அடியின் வேகத்தால் ஈடுகட்டப் பார்ப்பது. முதல் மாதம் பாதி பலத்தில் தட்டினால் போதும் என்கிறார்கள். சரியான அறிவுரை.

மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ஆட வைக்கிறார்கள். இரண்டாம் காலம் முதலாவதைப்போல் இரு மடங்கு, மூன்றாம் காலம் நான்கு மடங்கு. மூன்றாம் காலம் வந்ததும் பத்துப் பேரில் எட்டுப் பேர் தங்களை அறியாமல் மண்டியிலிருந்து எழுந்துவிடுகிறார்கள். தலை மேலும் கீழும் ஆடுவது கண்ணாடியில் தெரியும். இங்கே அந்த நிமிடமே நிறுத்தி மறுபடி முதல் காலத்துக்குப் போகிறார்கள்.

எல்லா அடவையும் (நடனத்தின் அடிப்படை அசைவுகள்) இடது காலில் தொடங்கியும் செய்ய வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். வலக்கைப் பழக்கமுள்ள பெரியவர்களுக்கு இடது பக்கம் பின்தங்கியே இருக்கும். திருவிளையாடலில் வரும் ராஜசேகர பாண்டியன் மற்றக் கலைகளை எல்லாம் கற்று முடித்து, கடைசியில்தான் ஆடக் கற்றான். உடம்பு நொந்தபோதுதான், ஒரே காலில் நின்று ஆடும் பெருமானுக்கு எவ்வளவு வலிக்கும் என்று உறைத்து, கால் மாற்றி ஆடச் சொல்லி வேண்டினான். அதனால்தான் மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசர் வலது காலைத் தூக்கி நிற்கிறார். வளர்ந்த பிறகு ஆட வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பாண்டியன் சொந்தக்காரன்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒருமுறை வெள்ளியம்பலத்தில் நின்று, எந்தக் கால் எடையைத் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

நான்காம் மாதம் நாட்டடவு. காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் வைக்கும்போது மற்றக் காலின் மண்டி எழக் கூடாது. உடம்பும் நீட்டிய பக்கம் சாயக் கூடாது. இந்த இரண்டும் பிடிபட ஒரு மாதம் ஆகும். கைகளைத் தோள் மட்டத்தில் நீட்டி நிற்கும் நாட்டியாரம்பத்தில் முதலில் விழுவது முழங்கை. தோள்பட்டை வலிக்கிறது என்றால் பெரும்பாலும் தோளைக் காதை நோக்கித் தூக்கியிருப்பீர்கள். முத்திரைகளுக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் கொடுக்கிறார்கள். ஒற்றைக் கை முத்திரை 28ஐயும் சுலோகத்தோடு சொல்ல வைக்கிறார்கள். இதை வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம்.

குறை என்றால் தரை. ஹாலின் பழைய பாதி மொசைக், பின்னால் கட்டிச் சேர்த்த பாதி பளபளக்கும் டைல்ஸ். இரண்டுமே கான்கிரீட் மேல் போட்டது, அதிர்ச்சியைத் தாங்காது. மரத்தரை இருந்தால் கதையே வேறு. அதிலும் டைல்ஸ் பக்கம் வியர்வை சிந்தினால் வழுக்குகிறது. சீக்கிரம் போய் மொசைக் பக்கம் இடம் பிடியுங்கள், துடைக்க ஒரு துண்டு கொண்டுபோங்கள். ஜமுக்காளம் விரித்தால் நகரும். யோகா மேட் போட்டால் பாதம் ஒட்டிக்கொள்ளும், திரும்பும்போது முட்டி முறுக்கிக்கொள்ளும். வெறுங்காலும் வெறுந்தரையும்தான் சரி. மாலை பேட்ச் ஒன்றும் உண்டு. ஆனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஹால் அது. பங்குனி, சித்திரையில் பகல் முழுக்கக் காய்ந்த கூரை இரவு எட்டு மணி வரை அனல் கக்கும். காலை பேட்ச்தான் நல்லது. அழகர் வரும் நாட்களில் தல்லாகுளம் பக்கம் வண்டி நகராது; அந்த வார வகுப்பை வேறொரு நாளில் ஈடு செய்துவிடுகிறார்கள்.

கண்ணாடி ஒரு சுவரில் மட்டும். பின்வரிசைக்குத் தங்கள் முட்டி தெரியாது, ஆகவே வாரம் ஒரு முறை வரிசையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்கிறார்கள், தாமாகச் செய்வதில்லை.

சேர்ந்தவுடன் சலங்கை வாங்க வேண்டாம். அடவுகள் முடிந்து சலங்கை பூஜை (முதன்முதலாகச் சலங்கை கட்டும் சடங்கு) ஆகும் வரை தேவையே இல்லை. கணுக்காலில் எடை ஏறினால் தட்டு இன்னும் கெடும். முதலில் வேண்டியது பயிற்சிச் சேலையும் பைஜாமாவும். சேலை முட்டிக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். சாதாரணச் சேலையை இடுப்பில் மடித்துச் செருகினால் அங்கே பொதியாகிவிடும். அகலம் குறைவான பருத்தித் துணி கேட்டு வாங்குங்கள். சுங்குடி மெல்லியது, வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் புதுச் சுங்குடி சாயம் விடும். உப்புத் தண்ணீரில் தனியாக அலசிவிட்டுக் கட்டுங்கள். ரவிக்கையில் கைக்குழி இறுக்கமாக இருந்தால் நாட்டியாரம்பத்தில் கை தூக்க முடியாது, தைக்கக் கொடுக்கும்போதே கையை நீட்டிக் காட்டி அளவு கொடுங்கள். பின்னால் சலங்கை வாங்கும்போது ஒவ்வொரு மணியையும் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே குண்டு இல்லாத மணியும் கலந்திருக்கும். தோல் பட்டையின் சிவப்புச் சாயம் வியர்வையில் கரைகிறதா என்று ஈரத் துணியால் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது.

சேரும்போது முட்டி, முதுகு, பிரசவம், சர்க்கரை பற்றி ஆசிரியர் கேட்கிறார். மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வெறுங்காலில் தட்ட வேண்டும். தொடை முன்பக்கத்து வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும், அதோடு ஆடலாம். முட்டியின் உள்பக்க வலியும், முன்னங்கால் எலும்பில் விரலால் அழுத்தினால் ஓர் இடத்தில் சுரீர் என்பதும் வேறு வகை. அன்றைக்கே நிறுத்திக் காட்டுங்கள்.

கட்டணம் மாதாமாதம். நின்றபடியே ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டுச் சேரலாம், அதற்குப் பணம் கேட்பதில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். படிக்கட்டு செங்குத்து. முதல் இரண்டு வாரம் இறங்கும்போது தொடை நடுங்கும், கைப்பிடியை விடாதீர்கள்.