மாடித்தோட்டம்: எந்த விதைக்குக் காசு கொடுக்கலாம்?

மாடியில் ஆறேழு பைகளோடு காய்கறி போடத் தொடங்குகிறவருக்கு விதை மூன்று இடங்களில் கிடைக்கும்: சமையலறை, கடை, நாட்டு விதை சேர்த்து வைத்திருப்பவர்கள். விலையை மட்டும் பார்த்தால் சமையலறைதான் ஜெயிக்கும். அடுத்த பட்டத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

வெந்தயத்துக்கும் கொத்தமல்லிக்கும் தனியாக விதை வாங்கவே வேண்டாம். வெந்தயத்தை இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்று நான்கு வாரத்தில் கீரை. மல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். கடும் வெயில் மாதங்களில் அது சரியாக வராது, அவ்வளவுதான். மிளகாய் வற்றல் விதையும் முளைக்கும்.

தக்காளியில்தான் சிக்கல். சந்தையில் வாங்கும் தக்காளி பெரும்பாலும் ஹைபிரிட், அதாவது இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய வீரிய விதையில் வந்தது. அதன் விதை முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. ஒரு செடி நன்றாகக் காய்க்கும், பக்கத்துச் செடி சும்மா நிற்கும். பத்துப் பை வைக்க இடமிருந்தால் முயலலாம். இரண்டே பை இருக்கும் வீட்டில் மூன்று மாத உழைப்பை அதில் போடுவது நியாயமில்லை.

சரி, பாக்கெட் விதை. இதில் எல்லாமே ஹைபிரிட் என்று பலர் நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட, ஹைபிரிட் அல்லாத ரகங்களும் பாக்கெட்டில் வருகின்றன. குறைந்த செலவில் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம் 1 தக்காளி, அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவானது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை, மஞ்சள் நரம்புத் தேமல் நோயை ஓரளவு தாங்கும். இரண்டிலும் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். பாக்கெட்டில் 'எஃப்1' என்றோ 'ஹைபிரிட்' என்றோ இருந்தால், அதில் எடுக்கும் விதையில் அதே குணம் வராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் வாங்க வேண்டும். ஹைபிரிட்டில் காய் ஒரே சீராக, நிறைய வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விளைச்சல் நல்ல உரமும் விடாத கவனிப்பும் கேட்கும். நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது தேவைப்படுவதில்லை.

இன்னொன்று: ஒரு கிராம் தக்காளி விதையில் சுமார் 300 விதைகள் இருக்கும். மாடிக்கு நாலைந்து செடி போதும். பெரிய பாக்கெட் வாங்கி அடுக்கில் வைப்பதைவிட, இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஆளுக்கொரு காயின் விதை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். கடை விதை சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது மருந்து பூசியது. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

நாட்டு விதையின் ருசிக்கு ஈடில்லை, குறிப்பாகக் கத்தரியில். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரியைச் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதைத் திருவிழாக்களில் குறைந்த விலைக்கும், சில சமயம் பண்டமாற்றாகவும் கிடைக்கும். குறை என்னவென்றால், எப்போது எடுத்த விதை என்பது தெரியாமல் போவது. வாங்கியதும் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள்; ஏழு முளைத்தால் நம்பி விதைக்கலாம். சுரை, பீர்க்கு, பூசணி வகைகளில் வண்டும் தேனீயும் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால், விதைக்காக விடும் பெண்பூவையும் அதே ரகத்து ஆண்பூவையும் முந்தின நாளே மூடிக் கட்டி, மலர்ந்ததும் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவிவிட்டு, பெண்பூவை மறுபடி மூடினால்தான் ரகம் மாறாது.

ஆக என் தேர்வு: வெந்தயக் கீரைக்கும் மல்லிக்கும் சமையலறை, தக்காளிக்கும் வெண்டைக்கும் ஆராய்ச்சி நிலைய ரகம், கத்தரிக்கும் கொடிக்காய்க்கும் நாட்டு விதை. மிச்சமாகும் காசைத் தொழு உரத்துக்கும் வேப்பம் புண்ணாக்குக்கும் கொடுங்கள். மண் சரியில்லாத பையில் எந்த விதையும் தேறாது.

ஆடியில் விதைத்தால் முதல் பறிப்பிலேயே நல்ல செடியைப் பார்த்துவைத்து, அதில் ஒரு கத்தரிக்காயைப் பறிக்காமல் விடுங்கள். செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த பிறகு விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பாட்டிலில் போட்டு வைத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை தயார்.