தலையைக் குனிய முடியவில்லை என்று மூன்று முறை சொன்னோம்

என் தம்பிக்கு வந்தது பாக்டீரியா மூளைக்காய்ச்சல். அதை டைபாய்டு என்று சொல்லி இரண்டு நாள் படுக்க வைத்திருந்தது ஒரு தனியார் மருத்துவமனை. புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் பெயர் போடவில்லை. இதே மாதிரி காய்ச்சலோடு உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

தம்பிக்கு 31 வயது. சின்ன வயதிலிருந்தே இடது காதில் அவ்வப்போது சீழ் வடியும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு குளிர்காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி, இரண்டு தடவை வாந்தி. காலையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். காய்ச்சல் பேக்கேஜ் என்று ஒரு கட்டு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் பரிசோதனை பாசிட்டிவ், டைபாய்டு, ஐந்து நாள் ஊசி என்றார்கள். நம் ஊரில் பழைய தொற்று, தடுப்பூசி எதனாலும் வைடால் பாசிட்டிவ் காட்டலாம், அது ஒன்றை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மதியம் அம்மா கஞ்சி கொடுக்க அவன் தலைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினார். கழுத்து மடங்கவே இல்லை. தலையோடு முதுகும் சேர்ந்து பலகை மாதிரி எழும்பியது. நர்ஸிடம் சொன்னோம். "காய்ச்சல்னா உடம்பு வலிக்கத்தான்மா செய்யும்" என்றார். மாலை ரவுண்டில் டாக்டரிடம் சொன்னோம். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே தலையணையை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். இரவில் டியூப்லைட்டை அணைக்கச் சொல்லி அழுதான். மறுபடியும் போய்ச் சொன்னோம். ஒரு வலி மாத்திரை வந்தது. கழுத்து இப்படி இறுகுவது மூளைக்காய்ச்சலின் முக்கிய அறிகுறி. கடுமையான தலைவலியும் காய்ச்சலும் இருக்கிற ஒருவரின் தாடை நெஞ்சைத் தொடுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த இரண்டு நாளில் ஒருவர்கூட அவன் கழுத்தில் கை வைக்கவில்லை.

ஞாயிறு மதியம் அம்மாவை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், பேச்சு குழறியது. அப்போதுதான் அவர்களுக்குப் பயம் வந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், ஆள் நாளைக் காலைதான் வருவார் என்றார்கள். அதுவரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதான் ஊசி போயிட்டிருக்கே" என்று பதில். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று, போனில் ஒரு தோழி சொல்லிக் கொடுத்ததைக் கேட்டேன். "அதை எடுத்தா கால் விழுந்துடும்" என்று சொன்னது அங்கே வேலை பார்க்கிற ஒருவர்தான்.

சரி, கிளம்புகிறோம் என்றோம். 41 ஆயிரம் பில். சொந்த விருப்பத்தில் போகிறோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். என்ன ஊசி, எவ்வளவு என்று எழுதிக் கேட்டதற்கு, சம்மரி இரண்டு நாள் கழித்துத்தான் என்றார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பணியில் இருந்த இளம் டாக்டர் முதலில் செய்த காரியம் அவன் தலையைத் தூக்கிப் பார்த்ததுதான். அதற்கப்புறம் எல்லாமே வேகம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு, உடனே செஃப்ட்ரியாக்சோன், வான்கோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் ஆரம்பித்தார்கள். நினைவு தடுமாறியதால் சி.டி. ஸ்கேன் தேவைப்பட்டது. ஆனால் ஸ்கேனுக்காக மருந்தை நிறுத்தி வைக்கவில்லை. ஸ்கேன் முடிந்துதான் முதுகில் நீர் எடுத்தார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்கும், கால் விழாது என்று அம்மாவுக்கு அந்த டாக்டரே பொறுமையாக விளக்கினார். தெளிந்த தண்ணீர் மாதிரி வர வேண்டியது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளணு இரண்டாயிரத்துக்கு மேல். ரத்தத்தில் சர்க்கரை 110 இருக்க, அந்த நீரில் வெறும் 18.

"ஏற்கனவே என்ன ஆன்டிபயாடிக் போட்டாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. முன்பே ஏறிய மருந்தால் அப்படி ஆகலாம் என்றார்கள். காதில் சீழ் இருந்ததால் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம் என்ற கணிப்பில் 14 நாள் அந்த இரண்டு ஆன்டிபயாடிக்கும் ஏறின. எந்தக் கிருமி என்று தெரிந்திருந்தால் ஒன்றை நிறுத்தியிருக்கலாமாம்.

பிழைத்துவிட்டான். இடது காது போய்விட்டது, வலது காதில் கொஞ்சம் குறைவு. இந்த நோய் கேட்கும் திறனைப் பறிப்பது அபூர்வம் இல்லை. உள்காது எலும்பாக இறுகிவிட்டால் கேட்க வைப்பதற்காக உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி வைப்பதும் கடினமாகிவிடும். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பும் முன்பே காது பரிசோதனை செய்தார்கள். உங்கள் மருத்துவமனையில் செய்யாவிட்டால் கேட்டு வாங்குங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

சிகிச்சைப் பதிவேட்டை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகளில் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். நாங்கள் அப்படிக் கேட்ட பிறகுதான் அந்தக் கோப்பு கைக்கு வந்தது. சனிக்கிழமை மாலைப் பக்கத்தில், டாக்டர் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போன அந்த ரவுண்டுக்கு நேரே, "கழுத்து இறுக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.