ரிப்போர்ட் வந்தது, ஊசி நிற்கவில்லை

பர்மிங்ஹாமிலிருந்து குன்னூர் வந்து இறங்கிய மூன்றாம் நாளே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஐப்பசி மழை, பகல் இரண்டு மணிக்கே லைட் போடும் அளவு மூட்டம். காய்ச்சல், விடாத இருமல், மூச்சுவாங்கல். வயது 74.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுப் போட்டு, ஆக்சிஜன் அளவு பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, கட்டிலில் படுக்க வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பர்மிங்ஹாமில் எமர்ஜென்சியில் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேன்டீன் இட்லியைப் பற்றிப் பேசாமல் விடுவது உத்தமம்.

சேர்த்த அன்றே செஃப்ட்ரியாக்சோன் ஊசி, அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக், காலையும் இரவும் ஒரு கிராம். அதில் எனக்குக் குறையில்லை. மூச்சுவாங்கும் வயசாளிக்கு, என்ன கிருமி என்று தெரியும்வரை அப்படித் தொடங்குவது நியாயம்தான். மறுநாள் மாலை ஸ்வாப் ரிப்போர்ட் வந்தது: இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ். உடனே அந்த வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை கொடுத்தார்கள். சரி, ஊசி நின்றுவிடும் என்று நினைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு நர்ஸ் டிரேயோடு வந்து, குப்பியின் வெள்ளைப் பொடியில் தண்ணீர் ஏற்றிக் குலுக்க ஆரம்பித்தார். ஊசி மருந்து ஏற்றக் கையில் வென்ஃப்ளான் குழாய் போட்ட இடம் ஏற்கெனவே சிவந்து வீங்கியிருந்தது.

"சிஸ்டர், வைரஸ்னு ரிப்போர்ட் வந்துடுச்சே, இது எதுக்கு?"

"சார்ட்ல இருக்குங்க மேடம். டாக்டர் ஸ்டாப் எழுதலைன்னா நாங்க போட்டுத்தான் ஆகணும்."

காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேட்டேன். "ஃப்ளூவுக்குப் பின்னாடி பாக்டீரியா நிமோனியா வரலாம்ங்க. நடுராத்திரி ஏதாவது ஆச்சுன்னா இந்த மழையில பர்லியார் வழியா கோயம்புத்தூருக்கு இறக்கணும். அதான் ஒரு கவர்."

மண் சரிந்தால் ரோடே அடைபடும் மலையில் அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் இந்தக் 'கவர்' எவ்வளவு பெரிய போர்வை! கோவிட் காலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் பாக்டீரியா தொற்றும் இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்ததோ நாலில் மூன்று பேருக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் சொன்னது. (பர்மிங்ஹாமில் என் டாக்டர் இருமலுக்கு ஆன்டிபயாடிக் தராமல் பாராசிட்டமால் போடச் சொன்னபோது திட்டியவளும் நான்தான்.)

"எக்ஸ்ரேயில எதுவும் இருக்குங்களா? வெள்ளணு ஏறியிருக்கா?" என்றேன். ஃபைலைப் புரட்டினார். பாக்டீரியாவைக் காட்டும் அந்த அடையாளங்கள் இரண்டும் இல்லை. காய்ச்சலும் இறங்கியிருந்தது. "நிறுத்திப் பார்க்கலாம். மறுபடி காய்ச்சல் வந்தா சொல்லுங்க" என்று ஒரு கோடு இழுத்தார். மொத்தம் இரண்டு நிமிஷம். ஊசியைத் தொடங்க டாக்டர், போட நர்ஸ், பில்லில் ஏற்ற ஒருவர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் 'இன்னும் தேவையா' என்று பார்ப்பதுதான் யார் வேலை என்று தெரியவில்லை. நான் வராமலிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

மீந்த குப்பிகளை ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அறைக்குத் திரும்பினால் அப்பா முகம் வாடியிருந்தது.

"ஏன் கண்ணு, ஊசியை நிறுத்திட்டாங்களே, பணம் கட்டலையா?"

"இது வைரஸ்ப்பா, அந்த ஊசிக்குக் கேட்காது."

"நாய்க்கடியும் வைரஸ்தானே? 1907-லேர்ந்து நம்மூரு பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு ஊசிக்குத்தானே சனம் வந்துச்சு?"

அது தடுப்பூசி, இது வேறு என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. வெந்நீர் எடுக்கப் போனேன்.