மரை போன காலிப்பர் போல்ட்டா? அழகியமண்டபம் பக்கம் ஒரு லேத் பட்டறை இருக்கிறது

பைக்கில் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) மாட்டுகிற இடத்தில் மரை (போல்ட் ஏறுகிற திருகு வெட்டு) போய்விட்டது, ஃபோர்க் காலையே (முன் வீலைத் தாங்குகிற கால்) மாற்ற வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அழகியமண்டபத்தில் இருந்து திருவட்டார் போகும் ரோட்டில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது, முதலில் அங்கே ஒரு தடவை காட்டுங்கள். போர்டு எதுவும் கிடையாது. வாசலில் பழைய ரப்பர் ஷீட் ரோலர்கள் துருப்பிடித்து அடுக்கிக் கிடக்கும், அதுதான் அடையாளம். அந்த ரோலர்தான் பட்டறைக்காரருக்குச் சோறு போடுகிற வேலை, குலசேகரம் அருமனை பக்கத்துத் தோட்டங்களில் இருந்தெல்லாம் வருகிறது. பைக் வேலையை நடுவில்தான் செய்கிறார். ஆனால் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்து செய்கிறார். இந்த ரிவியூ எழுதுவதே அதற்காகத்தான்.

என் வண்டி குளச்சலில் கடல் காற்றிலேயே நிற்கிற வண்டி. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி அலுமினியம், அதில் ஏறுகிற போல்ட் இரும்பு. உப்புக் காற்றும் நம்ம ஊரின் இரண்டு மழைக்காலமும் சேர்ந்தால் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் அரிப்பு பிடித்து வெள்ளையாகப் பொடி பூத்துவிடும், போல்ட் அசையாது. பிரேக் பேட் மாற்றக் கொடுத்த இடத்தில் (பெயர் வேண்டாம், விடுங்கள்) ஸ்பேனரில் நீளமாகப் பைப்பைச் சொருகி இழுத்துக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டும்போது கையால் நாலு சுற்று கூட ஏற்றிப் பார்க்காமல் நேராக ஏர் கன்னை வைத்து அடித்திருக்கிறார்கள். போல்ட்டைக் கையில் கொடுத்தபோது அதன் பல் இடுக்கெல்லாம் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. அதாவது ஓட்டைக்குள் இருக்க வேண்டிய மரை மொத்தமும் போல்ட்டோடு வெளியே வந்துவிட்டது. அதற்கு அவர்கள் சொன்ன வைத்தியம், டெஃப்லான் டேப் சுற்றி ஏற்றினால் பிடித்துக்கொள்ளுமாம். தண்ணிக் குழாய்க்குச் சுற்றுகிற டேப்!

பிரேக் பிடிக்கும்போது சுற்றுகிற டிஸ்க் காலிப்பரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகத்தான் பார்க்கும். அந்த இழுவையைத் தாங்குவது இந்த இரண்டு போல்ட்டும் அவை கொடுக்கிற இறுக்கமும்தான். ஒன்று லூசானாலே காலிப்பர் சாய்ந்து வீலில் உரச ஆரம்பிக்கும், அப்புறம் மொத்த பாரமும் மற்ற போல்ட்டின் தலையில். பேச்சிப்பாறை இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓவர்சைஸ் போல்ட் போட்டுவிடலாம் என்று ரெண்டு மூன்று பேர் யோசனை சொன்னார்கள். 8 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 10 போட்டால் சுற்றி இருக்கிற அலுமினியம் மெலிந்துவிடும், காலிப்பர் பிராக்கெட்டின் (காலிப்பரைத் தாங்குகிற சட்டம்) ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும். பட்டறை அண்ணாச்சியிடம் இதைக் கேட்டதற்கு, "அது செய்யப்பிடாது மக்கா, நாளைக்கு காதே ஒடஞ்சி வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். காது என்றால் போல்ட் ஏறுகிற அந்தப் புடைப்பு.

அவர் போட்டது ஹெலிகாயில். தெரியாதவர்களுக்கு: பால்பாயிண்ட் பேனாவுக்குள் இருக்குமே ஸ்பிரிங், அது போல ஒன்று, ஆனால் கம்பி உருண்டையாக இருக்காது, வெட்டிப் பார்த்தால் டைமண்ட் வடிவம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 8 மில்லி மரைக்கு ஓட்டையை 8.3 அளவுக்கு டிரில் போட்டு, ஹெலிகாயிலுக்கென்றே வருகிற பெரிய டேப்பால் (சுற்றுகிற டேப் இல்லை, மரை வெட்டுகிற கருவி) புது மரை வெட்டி, அதற்குள் இந்தச் சுருளைத் திருகி இறக்கிவிட வேண்டும். உட்பக்கம் பழைய 8 மில்லி மரையே கிடைத்துவிடும், கம்பெனி போல்ட்டே ஏறும். சுருள் வெளியில் இருக்கும்போது ஓட்டையைவிடக் கொஞ்சம் அகலம், உள்ளே போனதும் விரியப் பார்க்கும், அதனால் அதுவாகவே பிடித்துக்கொண்டு நிற்கும். ஸ்டீல் மரை என்பதால் பேடுக்காக அடிக்கடி கழற்றி மாட்டினாலும் தேயாது. மொத்த பாரமும் அகலமான மரைக்குப் பரவிவிடுவதால் அலுமினியத்துக்கும் பழையதைவிட நல்ல பிடி.

எல்லாரும் சறுக்குவது டிரில் போடுகிற இடத்தில்தான். வண்டியில் மாட்டியபடியே கை டிரில்லால் போட்டால் ஓட்டை சாயும், போல்ட் சாயும், காலிப்பர் டிஸ்க்குக்கு நேராக நிற்காது. இவர் ஃபோர்க் காலை டிரில்லிங் மெஷினில் கட்டையோடு இறுக்கி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, திருப்தி இல்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினார். இதற்குப் போன நேரம்தான் அதிகம், டிரில் போட்டது சும்மா கொஞ்ச நேரம். டேப்பை மண்ணெண்ணெய் விட்டு விட்டு அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று இறக்கினார். சுருளை இறக்கியதும் அதன் அடியில் இருக்கிற சின்ன நாக்கைத் தட்டி உடைத்துவிட்டு, அந்தத் துணுக்கைக் காகிதத்தில் இருந்து பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே ஒன்றும் கிடக்கவில்லை, நீயே பார்த்துக்கோ என்று அர்த்தம்.

இரண்டு ஓட்டைக்கும் சேர்த்து 600 ரூபாய் வாங்கினார். புது ஃபோர்க் காலின் விலையை விசாரித்தவர்களுக்கு இது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பையன் காலிப்பரோடு வந்தான். ஆன்லைனில் கலர் பிரேக் ஹோஸ் வாங்கி, அதோடு வந்த பேன்ஜோ போல்ட்டை (ஹோஸைக் காலிப்பரில் மாட்டுகிற, ஆயில் போக ஓட்டை உள்ள போல்ட்) ஏற்றி மரையைத் தின்றுவிட்டிருக்கிறான். 10 மில்லி பேன்ஜோ போல்ட்டில் 1.0 பிட்ச், 1.25 பிட்ச் (பல்லுக்குப் பல் இடைவெளி, மில்லிமீட்டரில்) என்று இரண்டு வகை உண்டு, கண்ணால் பார்த்தால் ஒன்றுதான். ஜப்பான் காலிப்பர்களில் பெரும்பாலும் 1.25, இத்தாலி கம்பெனி பிரெம்போவில் 1.0. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று சரியாகப் போவது போலப் போகும், அப்புறம் இறுகும், அங்கேயே நிறுத்தினால் தப்பிக்கலாம், யார் நிறுத்துகிறார்கள். அண்ணாச்சி அந்தக் காலிப்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது ஆயில் பிரஷர் வாற இடம். நான் போடமாட்டேன், வேற எவனாவது போடுகேன்னு சொன்னாலும் குடுக்காத. புதுசு வாங்கு." பையன் கெஞ்சிப் பார்த்தான், நடக்கவில்லை.

அவர் சொன்னது நியாயம்தான். லீவரை அழுத்திப் பிடித்தால் அந்த லைனுக்குள் சதுர சென்டிமீட்டருக்குப் பல பத்து கிலோ அழுத்தம் வரும். பிளீட் நிப்பிள் (பிரேக் லைனில் இருந்து காற்றை வெளியேற்றத் திறக்கிற திருகு) விஷயம் இன்னும் மோசம், அது அடைப்பதே அடியில் இருக்கிற கூம்பு மாதிரி சீட்டில்தான், டிரில் கொஞ்சம் ஆழமாகப் போனால் சீட் போச்சு, பிசிறு உள்ளே விழுந்தால் பிஸ்டன் சீலும் போச்சு. வந்த காசை வேண்டாம் என்று சொல்கிற பட்டறைக்காரரை நம்பி மற்ற வேலையைக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

குறைகளும் உண்டு. வண்டியோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார். ஃபோர்க் காலைக் கழற்றி, ஆயில் வடித்து, துடைத்துக் கொண்டுபோக வேண்டும், அதற்குத் தனியாக ஒரு மெக்கானிக்கைப் பிடிக்க வேண்டும், அந்தச் செலவு வேறு. உங்கள் வண்டியில் மரை ஃபோர்க்கில் இல்லாமல் காலிப்பர் பிராக்கெட்டில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, பிராக்கெட் மட்டும் போதும். ரோலர் வேலை வந்துவிட்டால் உங்கள் சாமான் மூலையில் கிடக்கும், நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும், போன் எடுப்பதே அபூர்வம். பில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூட்டு. டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டுகிற ஸ்பேனர்) அவரிடம் இல்லை, அதனால் மாட்டி இறுக்குவது உங்கள் பொறுப்பு. 8 மில்லி காலிப்பர் போல்ட்டுக்கு வழக்கமாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரும், உங்கள் வண்டியின் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள். பழைய போல்ட்டைத் திரும்ப மாட்டாமல் புதுசு வாங்கி, நீல நிற லாக்டைட் (போல்ட் தானாக லூசாகாமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டுத்தான் நான் மாட்டினேன். பேன்ஜோவுக்கும் நிப்பிளுக்கும் அதை விடாதீர்கள், பேன்ஜோவுக்குப் புது காப்பர் வாஷர் போதும்.

போகும்போது போல்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதை மரை அளக்கிற கேஜ் வைத்துப் பார்க்காமல் அவர் டேப்பையே எடுக்க மாட்டார். 8, 10 மில்லி சுருள் எப்போதும் வைத்திருக்கிறார், 6 மில்லி பெரும்பாலும் தீர்ந்துதான் இருக்கும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.