ட்ராக் கழன்றதற்கு கியர்பாக்ஸ் பழுது என்று சொல்லி 4,800 ரூபாய் வாங்கினார்கள்

ரிமோட்டில் ஓடும் மாடல் டாங்கி வைத்திருப்பவர்கள், குறிப்பாக வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது, இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் டைகர் டாங்கியின் 1:16 அளவிலான மாடல். சென்ற ஆண்டு பிளாஸ்டிக் ட்ராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையை) எடுத்துவிட்டு, உலோக ட்ராக்கும் அதை இழுத்து ஓட்டும் பல்சக்கரமும் நானே பொருத்தினேன். சில மாதங்கள் மொட்டைமாடியில் நன்றாக ஓடிய வண்டி, பிறகு வலப்புறம் திரும்பும்போதெல்லாம் இடப்பக்க ட்ராக்கைக் கழற்றிப் போடத் தொடங்கியது. கடைக்காரர் வண்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தை ஒருமுறை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிடுச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்தணும்" என்றார். 4,800 ரூபாயை அலைபேசியிலேயே அனுப்பச் சொன்னார். நானும் ரசீது கேட்காமல் அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வந்த வண்டி பத்து நிமிடம் கழலாமல் ஓடியது. அதற்குள் மோட்டார் இருக்கும் இடம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. ட்ராக்கை விரலால் சுண்டினால் ஒலி கேட்கும் அளவுக்கு அது விறைத்திருந்தது. டைகரில் பல்சக்கரம் முன்னால், ஐட்லர் எனப்படும், மோட்டாரோடு சேராத வெற்றுச்சக்கரம் பின்னால். பல்சக்கரத்துக்கும், வண்டியின் எடையைத் தாங்கும் சாலைச்சக்கரங்களில் முதலாவதற்கும் நடுவே ட்ராக் சற்றே தொய்ந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன்: வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் இரண்டு கண்ணிகள் குறைவு. ட்ராக் கழலாமல் இருக்க அதைக் குட்டையாக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த இழுப்பில் ஐட்லரின் அச்சு முன்பக்கமாக வளைந்திருந்தது.

அடித்தட்டைத் திறந்ததும் எரிச்சலே வந்தது. சென்ற ஆண்டு திருப்புளி நழுவி நான் கீறிய கோடு, கியர்பாக்ஸின் பக்கத்தகட்டில் அப்படியே இருந்தது. இரண்டுமே என் பழைய கியர்பாக்ஸ்கள். கிரீஸ்கூட நான் தடவியதுதான்.

உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்தான் ஆனது. இரண்டு ட்ராக்கையும் கழற்றி, வண்டியை ஒரு டிபன் டப்பாவின் மேல் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாதபடி மோட்டாரை ஓடவிட்டேன். இரண்டு பல்சக்கரங்களும் கரகரப்பில்லாமல் ஒரே வேகத்தில் சுற்றின; அப்படிச் சுற்றினால் கியர்பாக்ஸின் மேல் பழி போட அதிகம் இடமில்லை. அடுத்து, உடற்பகுதியின் பக்கச்சுவரிலிருந்து பல்சக்கரத்தின் நடுக்கோடு வரையிலும், ஐட்லரின் நடுக்கோடு வரையிலும் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். வலப்பக்கத்தில் இரண்டும் ஒன்று. இடப்பக்கத்திலோ பல்சக்கரம் 2 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது. ட்ராக்கை விலகாமல் நேராக வைக்கும் உட்புறக் கொம்புகளில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்ததும், வெள்ளைத் துணியால் துடைத்தபோது சாம்பல்நிறத் தூள் வந்ததும் அதனால்தான். புதுப் பல்சக்கரத்தைப் பொருத்தியபோது இடப்பக்க வாஷரைத் திரும்பப் போட மறந்தவன் நானே. மூலக் குற்றம் என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மாற்றாத பொருளுக்குப் பணம் வாங்கியது நியாயமாகிவிடாது.

தண்டையார்பேட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் 2 மி.மீ. தடிமனில் பித்தளை வாஷர் கடைந்து, ஐட்லர் அச்சையும் நிமிர்த்திக் கொடுத்து, 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். ட்ராக்குடன் உபரியாக வந்த கண்ணிகளைச் சேர்த்துப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தேன். எட்டுப் போட்டு ஓட்டினாலும் இப்போது கழலவில்லை. (காசிமேட்டு மணலில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். டைகரின் சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அமைந்தவை. நடுவே புகும் மணலும் சிப்பித்துண்டும் சரியாக நேர்ப்படுத்திய ட்ராக்கைக்கூடத் தள்ளிவிடும்.)

ஆகவே, பழுதுபார்க்கக் கொடுக்குமுன் கியர்பாக்ஸில் உங்களுக்கு மட்டும் தெரியும் ஓர் அடையாளம் போடுங்கள். இருபக்கக் கண்ணிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ராக்கைக் கழற்றி மோட்டாரை உங்கள் கண்முன் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரரிடம் கீறலைக் காட்டியபோது, "அது லேபர் சார்ஜ் சார்" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். ரசீது இல்லாததால், என்னிடம் இருக்கும் சான்று பணம் அனுப்பிய பதிவும், அந்தக் கீறல் தெரியும் பழைய படமும் மட்டுமே.